எப்போது ஸ்டார்ட் ஆகவில்லை?

(தொழிற்பயிற்சி மாணவர்களுக்கும் பழைய வண்டி வைத்திருப்போருக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய வண்டி எளிதில் ஸ்டார்ட் ஆகாதபோது, எரிபொருள் வரும் பாதையில் குறை எங்கே இருக்கிறது என்று கண்டறிவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால், "எப்போது ஸ்டார்ட் ஆகவில்லை?" என்று கேளுங்கள். ராத்திரி முழுக்க நின்ற பிறகு காலையிலா? ஓட்டிவந்து நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் மறுபடி எடுக்கும்போதா? பல வாரம் சும்மா கிடந்த பிறகா? இந்த மூன்றும் மூன்று வேறு நோய்கள். குறை எந்த இடத்தில் என்பதில் பாதி, அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

இதை இன்று பேசுவதற்குக் காரணம் உண்டு. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரான அம்பாசிடரும், இந்தியக் குடும்பங்களுக்கு முதல் காராக அமைந்த மாருதி 800-ம் ஒரே ஆண்டில், 2014-ல், உற்பத்தியிலிருந்து நின்றன. இருசக்கர வண்டிகளிலும் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது கார்புரேட்டர் ஏறத்தாழ விடைபெற்றுவிட்டது. இன்று பயிற்சி முடித்து வரும் பிள்ளைகள் ஸ்கேனரைச் சொருகினால் கோளாறு திரையில் வரும் என்று பழகியவர்கள். ஸ்கேனர் சொருக இடமில்லாத வண்டி வந்து நின்றால் கை எங்கே போகிறது? கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள். அது சரியாகாவிட்டால் பம்பை மாற்றுகிறார்கள். அப்புறம் பிளக், அப்புறம் காயில். எல்லாப் பொருளுக்கும் காசு கொடுப்பவர் உரிமையாளர். மறுநாள் காலையில் வண்டி பழையபடியே மக்கர் செய்யும்.

முதலில் ஒரு எல்லை போட்டுக்கொள்வோம். பழைய மேஸ்திரிகள் கேட்பது இரண்டு கேள்வி: கரண்ட் வருதா, பெட்ரோல் வருதா? இதில் கரண்டை முதலில் தீர்த்துவிடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் சோம்பலாகச் சுற்றினால் பாட்டரியையும், அதன் முனைகளையும், எர்த் வயரையும் பாருங்கள். பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின் உடம்பில் பிடித்துச் சுற்றினால் நீல நிறத்தில் தெளிவாகப் பொறி தெறிக்க வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் ஆவி இல்லாமல் பார்த்துக்கொண்டு செய்யுங்கள். பொறி மஞ்சளாகவும் மெலிந்தும் இருந்தால், பாயிண்ட், கண்டென்சர் பக்கம் போக வேண்டும். பொறி நன்றாக இருக்கிறது, எஞ்சினும் வேகமாகச் சுற்றுகிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால்தான் இன்றைய பேச்சு தொடங்குகிறது.

கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் வரும் வழியை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். டேங்க் பின்னால். அதன் அடியில் ஒரு வலை. அங்கிருந்து வண்டியின் அடிவயிற்றோடு வரும் உலோகக் குழாய். இரு முனைகளிலும் ரப்பர் ஹோஸ். நடுவில் ஃபில்டர். எஞ்சின் பக்கவாட்டில், கேம் ஷாஃப்ட் தள்ள வேலை செய்யும் டயாஃப்ரம் பம்ப். அது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3 முதல் 5 பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளும். பிறகு கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணம். கிண்ணம் நிறைந்ததும் மிதவை மேலே வந்து நீடில் வால்வை மூடும். கிண்ணத்திலிருந்து ஜெட் வழியாகக் காற்றோடு கலந்து சிலிண்டருக்குள் போகும்.

இந்தப் பாதையை நடுவில் வெட்டிப் பார்க்கும் சோதனையே நல்ல சோதனை. அந்த நடு இடம் ஃப்ளோட் கிண்ணம். ஏர் கிளீனரை எடுத்துவிட்டு, எஞ்சினை நிறுத்திய நிலையிலேயே கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்த்தபடி, ஆக்சிலேட்டர் நெம்பைக் கையால் சட்டென்று திறங்கள். உள்ளே பெட்ரோல் மெல்லிய கோடாகப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. குறை கிண்ணத்துக்கு எஞ்சின் பக்கம். பீய்ச்சாவிட்டால், பெரும்பாலும் குறை கிண்ணத்துக்கு டேங்க் பக்கம். ஒரே நிமிடத்தில் பாதிப் பாதையை விலக்கிவிட்டீர்கள். ஆரம்பகால அம்பாசிடரில் இருந்த எஸ்.யூ. கார்புரேட்டரில் இப்படிப் பீய்ச்சும் பம்ப் கிடையாது. அங்கே கிண்ணத்தின் மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

இனி மூன்று வேளைகளுக்கு வருவோம்.

முதலாவது, காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டி. ராத்திரி வண்டியை நிறுத்தும்போது மேலே சொன்ன சோதனையைச் செய்து பாருங்கள், பீய்ச்சும். காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன் அதையே மறுபடி செய்யுங்கள். இப்போது பீய்ச்சவில்லை என்றால் ராத்திரியோடு ராத்திரியாகக் கிண்ணம் காலியாகியிருக்கிறது. அடுத்து, பழைய டயாஃப்ரம் பம்புகள் பலவற்றில் அடியில் சிறு கை நெம்பு ஒன்று இருக்கும். அதை அடித்துக் கிண்ணத்தை நிரப்பிவிட்டுச் செல்ஃப் போடுங்கள். கை நெம்பு இல்லாத பம்பானால், கிண்ணத்தின் காற்றுத் துளை வழியாகச் சிரிஞ்சால் கொஞ்சம் பெட்ரோல் விட்டு, ஏர் கிளீனரைத் திரும்பப் பொருத்திய பிறகு செல்ஃப் போடுங்கள். தொட்டவுடன் பிடித்தால் ஜெட்டையும் டியூனிங்கையும் யாரும் தொட வேண்டாம். அவை சரியாக இருக்கின்றன. பெட்ரோல் நேரத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஏன் வந்து சேரவில்லை? பம்புக்குள் போகும் வால்வு, வெளியே வரும் வால்வு என இரண்டு உண்டு. அவை தேய்ந்தால் குழாயில் நின்ற பெட்ரோல் ராத்திரியில் டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் பம்ப் முதலில் காற்றைத்தான் இழுக்கும். டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள ஹோஸில் நுண்ணிய வெடிப்பு இருந்தாலும் இதே கதைதான். இந்தப் பகுதி உறிஞ்சும் பகுதி. அதனால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. உள்ளே காற்று புகும். "எங்கேயும் ஒழுகலையே சார்" என்று சொல்லி விட்டுவிடுவதற்கு இதுதான் காரணம். இதைக் கண்டுபிடிக்கக் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஒருநாள் ராத்திரி முன்பக்கம் மேடாகவும், மறுநாள் முன்பக்கம் பள்ளமாகவும் சரிவில் நிறுத்துங்கள். மேட்டில் நின்றால் தகராறு, பள்ளத்தில் நின்றால் சுலபம் என்றால் பெட்ரோல் பின்னுக்கு வடிகிறது என்று உறுதி.

பம்பின் உடல்நலம் அறிய, கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, காயிலின் நடு வயரைக் கழற்றி எர்த் செய்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் பெட்ரோல் திடமாக அடித்து விழ வேண்டும். நுரைத்து, குமிழ் குமிழாக வந்தால் காற்று புகுந்திருக்கிறது. மெலிந்து வழிந்தால் டேங்க் மூடியைத் திறந்துவிட்டு இன்னொரு தரம் பாருங்கள். திறக்கும்போது உஸ் என்று காற்றை உள்ளே இழுத்து, அதன் பிறகு பெட்ரோல் நன்றாக வந்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அப்படியும் வராவிட்டால் ஃபில்டர், டேங்க் அடி வலை, கடைசியில் பம்ப். பம்ப் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் கீழே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கவும் கூடும். டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால் வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. பம்பையும் ஆயிலையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இந்த இடத்தில் பட்டறைகளில் பெருகிவிட்ட ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். காரணம் தேடாமல் ஒரு எலக்ட்ரிக் பம்பை வயரில் கோத்துவிடுகிறார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் வெடித்த ஹோஸ் அப்படியே இருக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டுக்கு மேல் தள்ளக்கூடியது. அதைக் கார்புரேட்டரில் இணைத்தால் நீடில் வால்வு தாங்காது. பெட்ரோல் பொங்கிச் சூடான எஞ்சின்மேல் வழியும். இது பழுது நீக்குவதாகாது. தீக்கு வழி திறப்பது.

சரி, காலையில் பீய்ச்சுகிறது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்? சோக்கைப் பாருங்கள். பெட்ரோல் பல கூறுகளின் கலவை. ஏறத்தாழ 35 டிகிரியிலிருந்து 200 டிகிரி செல்சியஸ் வரை அதன் கூறுகள் ஒவ்வொன்றாகக் கொதிக்கும். குளிர்ந்த எஞ்சினில் லேசான கூறுகள் மட்டுமே ஆவியாகும். மீதி திரவமாகவே மேனிஃபோல்டின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சூடான எஞ்சினில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கு போதும். குளிரில் ஆவியாகும் பகுதி எரிய வேண்டுமானால் பெட்ரோலைப் பல மடங்கு கூடுதலாகத் தர வேண்டும். சோக் தகடு காற்றை மறித்துச் செய்வது அதைத்தான். கேபிளை முழுக்க இழுத்த பிறகும் தகடு பாதிதான் மூடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். கடலோர ஊர்களில் காலை வெயிலிலேயே 25 டிகிரி இருப்பதால், பாதி மூடும் சோக்கோடு ஒரு வண்டி ஆண்டு முழுக்க ஓடிவிடும். அதே வண்டியை மார்கழியில் ஊட்டிக்குக் கொண்டுபோனால் விடியற்காலையில் அசையாது.

ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்தால் ஐட்லிங் பாதை மேல் சந்தேகம் வர வேண்டும். மாருதி 800-ன் கார்புரேட்டரில் ஐட்லிங் பாதையைத் திறக்க மின்சாரத்தால் இயங்கும் சிறு சோலனாய்டு வால்வு உண்டு. சாவியைத் திருப்பும்போது டிக் என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் வயரையும் ஃபியூஸையும் பார்த்துவிட்டுத்தான் ஜெட்டைத் தொடலாம். சத்தம் சரியாக இருந்தால் ஐட்லிங் ஜெட்டில் தூசு அடைத்திருக்கலாம், அல்லது கார்புரேட்டர் அடியிலுள்ள கேஸ்கட் வழியாகக் காற்று புகலாம்.

இரண்டாவது வேளை, சூட்டில் ஸ்டார்ட் ஆகாத வண்டி. ஓடிக்கொண்டிருக்கும்வரை ஃபேனும் தண்ணீரும் எஞ்சினைக் குளிர வைக்கின்றன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும்; எஞ்சினின் சூடு மேலே ஏறும். நிறுத்திய பத்து இருபது நிமிடத்தில்தான் பானெட்டுக்குள் வெப்பம் உச்சத்துக்குப் போகிறது. டீக்கடையில் நிறுத்திவிட்டு வந்தால் வண்டி மறுப்பது இதனால்தான்.

இங்கே எதிரெதிரான இரண்டு கோளாறுகள் ஒரே மாதிரி முகம் காட்டும். ஒன்று, கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து ஜெட் வழியாக மேனிஃபோல்டுக்குள் பொங்கி வழிவது. அப்போது சிலிண்டரில் பெட்ரோல் மிதமிஞ்சி இருக்கும். மற்றது, பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பது. அப்போது சிலிண்டருக்குப் பெட்ரோலே வராது. பிரித்தறிய ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் பொங்கியிருக்கிறது. சோக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் போடுங்கள். காற்று நிறையப் போய் எஞ்சின் தெளிந்து பிடிக்கும். மிதியை அடித்து அடித்து விட்டால் மேலும் பெட்ரோல்தான் கொட்டும். பிளக் உலர்ந்திருந்தால் ஆவி அடைப்பு. மலைப்பாதை ஓட்டுநர்கள் பம்பின்மேல் ஈரத்துணி போடுவது இதற்குத்தான். பம்ப் உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறைகிறது. ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமும் குறைவு என்பதால் தொல்லை கூடும்.

ஈரத்துணி முதலுதவி மட்டுமே. நிரந்தரமாகத் தீர்க்க வேண்டுமானால், கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய பேக்கலைட் கட்டையை யாராவது எடுத்துவிட்டார்களா, சைலன்சர் பக்கத்து வெப்பத் தடுப்புத் தகடு காணாமல் போயிருக்கிறதா, ஹோஸ் எஞ்சின்மேல் படிந்து போகிறதா என்று பாருங்கள். "தேவையில்லாத தகடு" என்று கழற்றி மூலையில் போடப்பட்டவை பல வண்டிகளின் சூட்டு நோய்க்குக் காரணம். மிதவை மட்டம் அதிகமாக இருந்தாலும், நீடில் வால்வு கசிந்தாலும் பொங்குவது சுலபமாகிவிடும்.

மூன்றாவது, நெடுநாள் கிடந்த வண்டி. கிண்ணத்துப் பெட்ரோல் சில வாரங்களில் ஆவியாகிவிடும். மிஞ்சுவது பிசின். அது ஜெட் துளைகளை அடைக்கும். நீடில் வால்வை ஒட்டவைக்கும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். நாட்டில் 10 விழுக்காடு கலப்பு 2022-ல் எட்டப்பட்டது; 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023-லிருந்து பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அந்த அடித்தண்ணீரைத்தான். எத்தனால் ஆவியாக, பெட்ரோலைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். குளிர் ஸ்டார்ட்டுக்கு அதுவும் ஒரு தடை. 20 விழுக்காடு கலந்தால் தேவையான காற்றின் கணக்கு 14.7-லிருந்து 13.5 அளவுக்கு இறங்குகிறது. ஆனால் பழைய ஜெட்டின் துளை மாறவில்லை. ஆகவே கலவை மெலிந்துபோகிறது. எல்லாவற்றையும்விட, எத்தனாலைக் கருதிச் செய்யப்படாத பழைய ரப்பர் ஊதும், வெடிக்கும், பொடியாகும்.

ஆகவே, நெடுநாள் கிடந்த வண்டியை அப்படியே செல்ஃப் அடிக்காதீர்கள். டேங்க்கின் அடிப் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் வையுங்கள். கீழே தனி அடுக்கு தெரிந்தால் தண்ணீர். டேங்கை வடித்து, ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றி, பம்ப் டயாஃப்ரத்தையும் புதுப்பித்த பிறகுதான் கார்புரேட்டரைக் கழுவ வேண்டும். முதலில் கார்புரேட்டரைக் கழுவிப் பூட்டினால் டேங்க்கின் துரு மறுபடி அதில்தான் வந்து இறங்கும். ஜெட்டைக் காற்றால் ஊதுங்கள். கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, அந்தக் கார்புரேட்டர் பிறகு எந்த டியூனிங்குக்கும் அடங்காது.

2000-ஐ ஒட்டி வந்த இன்ஜெக்‌ஷன் கார்களும் இப்போது பழைய வண்டிகள்தாம். சாவியை ஆன் செய்ததும் டேங்க் பக்கம் இரண்டு மூன்று விநாடி பம்ப் உறுமும் சத்தம் கேட்க வேண்டும். காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது என்றால், செல்ஃப் போடாமல் சாவியை மட்டும் ஆன், ஆஃப் என்று மூன்று தரம் செய்துவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் குழாயில் நிற்க வேண்டிய அழுத்தம் ராத்திரியில் இறங்கிவிடுகிறது. பம்பின் உள் வால்வு, பிரஷர் ரெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர் ஆகிய மூன்றில் ஒன்று காரணம். ரெகுலேட்டரின் வாக்குவம் ஹோஸைக் கழற்றும்போது உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. அழுத்தம் சரியாக இருந்தும் குளிரில் மட்டும் தகராறு என்றால், தண்ணீரின் வெப்பத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சாரைச் சோதியுங்கள். எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருப்பதாக அது தவறாகச் சொன்னால் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலைத் தராது.

டீசல் வண்டிக்கு ஒரு தனி வார்த்தை. டீசல் அம்பாசிடரானாலும், பியூஜோ எஞ்சின் வைத்த மகிந்திரா ஜீப்பானாலும், செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைப் பார்க்க ஒருவரை நிறுத்துங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியவில்லை. அப்போது ஹீட்டர் பிளக், செல்ஃப் வேகம், கம்ப்ரெஷன் என்று பாருங்கள். சில பழைய எஞ்சின்களில் ஹீட்டர் பிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருக்கும். ஒன்று போனால் எல்லாமே போச்சு. புகையே வராவிட்டால் டீசல் போய்ச் சேரவில்லை. ஃபீட் பம்பைக் கையால் அடித்து, ஃபில்டரின் மேல் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஏர் எடுங்கள். ஏர் எடுத்ததும் ஸ்டார்ட் ஆகி, மறுநாள் மறுபடி அதே கதை என்றால், ஏர் எடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். காற்று எங்கே புகுகிறது என்று தேடுங்கள். ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு துண்டு நிறமற்ற ஹோஸைப் பொருத்திப் பாருங்கள். குமிழ் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். வாஷர்களும் ஃபில்டர் ரப்பர் வளையமும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். இவை சில ரூபாய்ப் பொருள்கள். இவற்றைப் பார்க்காமல் மைக்கோ இன்ஜெக்‌ஷன் பம்பைக் கழற்றிக் கலிப்ரேஷனுக்கு அனுப்பினால் உரிமையாளருக்கு ஆயிரக்கணக்கில் செலவு.

மாணவர்களே, பாதுகாப்பைப் பற்றி மன்றாடிச் சொல்கிறேன். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவிக் குழியில் தேங்கும். பெட்ரோல் பாதையைத் திறக்கும்போது பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். சோதனைக்காகச் செல்ஃப் போட வேண்டியபோது மட்டும் மாட்டுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். ஏர் கிளீனர் இல்லாத கார்புரேட்டருக்குள் பெட்ரோலை ஊற்றியபடி செல்ஃப் அடிக்கச் சொல்லாதீர்கள். எஞ்சின் திருப்பி அடித்தால் தீ முகத்துக்கு நேரே வரும். ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் இறங்கும் சில துளிகள் ஆபத்தானவை, உயிரையே பறிக்கக்கூடியவை. கைப்பம்ப் ஒன்று அதிக விலையில்லை. ஹீட்டர் பிளக் உள்ள டீசல் எஞ்சினுக்குள் ஈதர் ஸ்ப்ரே அடிப்பதும் கூடாது. அது எஞ்சினையே உடைக்கும்.

முடிவாக, வேலைச் சீட்டைப் பற்றிச் சொல்கிறேன். "ஸ்டார்ட்டிங் பிராப்ளம்" என்று எழுதி மூடிவிடுவது நம் பட்டறைகளின் வழக்கம். அதற்குப் பதிலாக, எந்த வேளையில், எவ்வளவு நேரம் நின்ற பிறகு, எந்தச் சரிவில், டேங்கில் எவ்வளவு இருந்தபோது, கடைசியாக எந்தப் பாகம் மாற்றிய பிறகு என்று எழுதுங்கள். அதன் கீழே நீங்கள் செய்த ஒவ்வொரு சோதனையையும், அது எதை விலக்கியது என்பதையும் எழுதுங்கள். வண்டிக்காரருக்கு அதைப் படித்துக் காட்டுங்கள். எந்தப் பாகத்தை ஏன் மாற்றினீர்கள் என்பதை அறியும் உரிமை அவருக்கு உண்டு. ஒரு பாகத்தை மாற்றச் சொல்லும்போது, "இது கெட்டிருக்கிறது என்று எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டால், பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும். அந்தப் பதில் இல்லாதபோது பாகத்தை விற்காமல் இருப்பதே தொழில் நேர்மை.

உரிமையாளர்களும் தம் பங்கைச் செய்ய வேண்டும். பட்டறைக்கு வரும் வழியிலேயே எஞ்சினைச் சூடாக்கிவிட்டு, "காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை" என்றால் மெக்கானிக்கால் எதைக் காண முடியும்? முதல் நாள் மாலையே வண்டியை விட்டுவிடுங்கள். காலையில் அவர் கண்முன் முதல் செல்ஃப் விழட்டும். ஜெட்டும் டயாஃப்ரமும் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. பொறுமையாகக் கேட்டு, ஒவ்வொரு படியாகச் சோதிக்கும் மெக்கானிக் கிடைத்தால் இந்த வண்டிகள் இன்னும் பல ஆண்டு நாணயமாக ஓடும். அப்படிப்பட்ட மெக்கானிக்காக ஆவது இந்த அரங்கிலுள்ள ஒவ்வொரு மாணவராலும் முடியும். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு பாட்டில், ஒரு துண்டு ஹோஸ், கேட்கும் வழக்கம், இவை போதும்.